வீட்டு வாசலில் பைக் வேலை பழகுவது எப்படி

பைக் ரிப்பேர் வீடியோக்களை வருடக்கணக்கில் பார்த்துவிட்டு, ஸ்பார்க் பிளக்கைக்கூடக் கழற்றிப் பார்க்காதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் பயம் நியாயமானதுதான். எந்த நட்டை எந்தப் பக்கம் திருப்புவது என்று வீடியோ காட்டிவிடும். எங்கே நிறுத்துவது என்பது மணிக்கட்டுக்குத்தான் தெரியும். மணிக்கட்டு அதைப் பழக வேண்டுமானால் சில வேலைகளை ஒரு வரிசையில், தன் கையாலேயே செய்ய வேண்டும். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டுக்கு ஸ்பிளெண்டரை வைத்துக்கொள்கிறேன். ஹீரோ ஹோண்டா காலத்தில், 1994-ல் வந்த வண்டி. 97.2 சிசி, ஒற்றை சிலிண்டர், காற்றிலேயே ஆறுகிற எஞ்சின். எந்த ஊர் ஸ்பேர் கடையிலும் பார்ட்ஸ் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார், தடுக்கி விழுந்தால் சந்தேகம் கேட்க ஓர் ஆள் இருப்பார். கற்றுக்கொள்கிறவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? உங்களிடம் பிளாட்டினாவோ ஷைனோ ஸ்டார் சிட்டியோ இருந்தாலும் வேலையின் வரிசை இதேதான், அளவுகள் மட்டும் மாறும். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகைக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தபிறகு வந்த ஸ்பிளெண்டரில், பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் கிடையாது, ஃபியூயல் இன்ஜெக்‌ஷன்தான். அதனால் கார்புரேட்டர் பற்றி வரும் இடங்களைப் புது வண்டிக்காரர்கள் தாண்டிப் போகலாம். மற்றதெல்லாம் பொருந்தும்.

ஒரே ஒரு நிபந்தனை: வாரன்டியில் இருக்கும் வண்டியை விட்டுவிடுங்கள். ஃப்ரீ சர்வீஸ் எல்லாம் முடியட்டும். அதேபோல, காலையில் வேலைக்குப் போக இருக்கிற ஒரே வண்டியை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிரிக்காதீர்கள். சனிக்கிழமை காலையில் தொடங்குங்கள். ஏதாவது சிக்கிக்கொண்டால், ஸ்பேர் கடை திறந்திருக்கும்போதே சிக்கட்டும்.

வாங்க வேண்டிய சாமான்

ஐம்பது பீஸ், நூறு பீஸ் என்று பெட்டியில் வைத்து மலிவாக விற்கும் செட்டை வாங்கவே வாங்காதீர்கள். அதிலுள்ள ஸ்பேனர்களின் வாய் முதல் கெட்டி நட்டிலேயே விரிந்துவிடும், போகிறபோக்கில் நட்டின் மூலைகளையும் தின்றுவிட்டுப் போகும். நாலைந்து நல்ல ஸ்பேனர் போதும். தப்பாரியா மாதிரி நம்மூர் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் பிராண்டே ஒரு ஆயுளுக்கு வரும்.

ஸ்பிளெண்டரில் அதிகம் வருபவை 8, 10, 12, 14, 17, 19 மில்லிமீட்டர் அளவுகள். இவற்றில் ரிங் ஸ்பேனர் வாங்குங்கள். திறந்த வாய் ஸ்பேனர் நட்டின் இரண்டு பக்கத்தைத்தான் பிடிக்கும். ரிங் ஆறு மூலையையும் பிடிப்பதால் வழுக்காது. 8-க்கும் 10-க்கும் ஒவ்வொரு டி ஸ்பேனர், வண்டியோடு வந்த பிளக் ஸ்பேனர், நம்பர் 2, நம்பர் 3 பிளஸ் திருப்புளி, ஒரு பட்டைத் திருப்புளி, கட்டிங் பிளேயர், காற்றழுத்தம் பார்க்கும் கேஜ், ஒரு மலிவு மல்டிமீட்டர். இவ்வளவுதான். கூடவே ஸ்பேர் கடையில் எடைக்குக் கிடைக்கும் பனியன் வேஸ்ட் ஒரு கட்டு, ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ், அரை லிட்டர் மண்ணெண்ணெய்.

பிளஸ் ஸ்க்ரூவைப் பற்றி ஒரு வார்த்தை. சின்னத் திருப்புளியைப் பெரிய ஸ்க்ரூவில் வைத்துத் திருகினால் தலை மழுங்கிவிடும், அப்புறம் அதை வெளியே எடுப்பதே தனி வேலையாகிவிடும். திருப்புளி ஸ்க்ரூவுக்குள் ஆடாமல் உட்கார வேண்டும். உட்கார்ந்தபின் உடம்பின் எடையை அதன்மேல் அழுத்திக்கொண்டு திருப்புங்கள். அழுத்துவதற்கு முக்கால் பங்கு பலம், திருப்புவதற்குக் கால் பங்கு.

வண்டியோடு வந்த ஓனர் புத்தகத்தைத் தேடி எடுங்கள். டயர் காற்று, செயின் தொய்வு, ஆயில் அளவு எல்லாம் அதில் இருக்கிறது. நான் இங்கே சொல்லும் அளவும் அந்தப் புத்தகமும் மோதினால் புத்தகம் சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள். மாடலுக்கு மாடல் மாறும்.

இளக்கும்போதே கற்றுக்கொள்ளுங்கள்

புதிதாகச் செய்கிறவர்கள் முழுக் கவனத்தையும் இறுக்குவதில் வைப்பார்கள். நட்டை இளக்கும்போது வேகமாகக் கழற்றி எறிந்துவிடுவார்கள். பாடம் இருப்பது இளக்குவதில்தான். முன்பு இறுக்கியவர் எவ்வளவு பலம் போட்டார் என்பது, நட்டு முதலில் நகரும் அந்த ஒரு நொடியில் உங்கள் கைக்குத் தெரிந்துவிடும். ஸ்பேனரின் எந்த இடத்தைப் பிடித்திருந்தீர்கள், முழங்கையால் இழுத்தீர்களா, தோளைச் சேர்த்தீர்களா, 'டக்' என்று விட்டதா, மெதுவாக வழிந்து வந்ததா என்று கவனியுங்கள். திரும்ப மாட்டும்போது அதே பிடி, அதே இழுப்பு. கொஞ்சம் துருப் பிடித்திருந்தால் இளக்க அதிகப் பலம் வேண்டியிருக்கும், அதைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

ஸ்பேனர்களின் நீளம் அளவுக்கு ஏற்றபடி மாறுவது சும்மா இல்லை. 10 அளவு ஸ்பேனர் குட்டையாக இருப்பதே நீங்கள் அதிகம் இழுத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். அதில் பைப்பை மாட்டி நீட்டினால் போல்ட் முறியும், இல்லாவிட்டால் மரை போய்விடும். ஸ்பிளெண்டரின் எஞ்சின் கூடு அலுமினியம், போல்ட்டோ இரும்பு. இரண்டும் மோதினால் போவது எஞ்சினில் இருக்கும் மரைதான். போனால் லேத் பட்டறையில் புதுமரை போட வேண்டும்.

வைத்த பலம் வந்ததும் 'கிளிக்' என்று சொல்லும் டார்க் ரெஞ்ச் வாங்க வசதி இருந்தால் வாங்குங்கள், நல்லதுதான். ஆனால் முதல் நாளே வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. அது 'கிளிக்' என்று சொல்வதற்காகக் காத்திருந்தால் கை எதையும் கவனிக்காது. கொஞ்சம் பழகியபின் வாங்கி, உங்கள் கையின் கணக்கை அதில் வைத்துச் சரிபாருங்கள்.

எல்லா நட்டுக்கும் பொதுவான இன்னொரு பழக்கம்: முதல் மூன்று நான்கு சுற்றை விரலாலேயே போடுங்கள். விரலால் போகவில்லை என்றால் மரை கோணலாகப் பிடிக்கிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் ஸ்பேனரை எடுத்தால் முடிந்தது கதை. மாட்டும்போது முதலில் எதிர்ப்பக்கம், அதாவது இளக்கும் பக்கமாக, மெதுவாகத் திருப்புங்கள். ஓர் இடத்தில் போல்ட் லேசாக இறங்கி 'டிக்' என்று உட்காரும். மரையின் வாய் அதுதான். அங்கிருந்து முன்பக்கம் திருப்பினால் வெண்ணெய் போல உள்ளே போகும்.

முதல் வேலை: கழுவுவது

சிரிக்காதீர்கள். வாட்டர் சர்வீஸில் விடாமல் நீங்களே ஒரு முறை துணியும் பிரஷும் வைத்துக் கழுவினால், வண்டியில் என்னென்ன இருக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்ப்பீர்கள். எஞ்சினின் அடியில் ஆயில் கசிந்து மண் ஒட்டிய இடம், அறுந்துகொண்டிருக்கும் கிளட்ச் கேபிளின் ஒரு நரம்பு, மட்கார்டில் காணாமல்போன ஒரு போல்ட், டயரில் ஏறிய கண்ணாடித் துண்டு. சர்வீஸ் சென்டரின் பிரஷர் பம்ப் இவற்றின் மேல் தண்ணீர் அடித்துவிட்டுப் போய்விடும்.

காய்ந்தபின் ஒவ்வொரு கேபிளும் எங்கிருந்து கிளம்பி எங்கே போகிறது என்று விரலால் தொட்டுக்கொண்டே போங்கள். கிளட்ச் லிவரிலிருந்து எஞ்சின் வரை, ஆக்ஸிலேட்டரிலிருந்து கார்புரேட்டர் வரை, பிரேக் பெடலிலிருந்து பின் சக்கரம் வரை. அப்புறம் டயர் காற்று. வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும். ஸ்பிளெண்டருக்கு ஒருவர் மட்டும் போனால் முன்னால் 25, பின்னால் 28 பிஎஸ்ஐ. பின்னால் ஆள் ஏறினால் பின் டயருக்கு இன்னும் அதிகம் வேண்டும், செயின் கவரிலோ புத்தகத்திலோ போட்டிருக்கும்.

பிளக்

இதுதான் முதன்முதலில் ஸ்பேனர் பிடிக்கும் வேலை. எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். சூடான அலுமினியத்தில் பிளக்கைத் திருகுவது மரைக்கு நல்லதில்லை, உங்கள் விரலுக்கும் நல்லதில்லை.

பிளக் கேப்பைப் பிடித்து இழுங்கள், ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். பிளக்கைச் சுற்றியுள்ள குழியில் மண் இருக்கும். சைக்கிள் பம்பால் நன்றாக ஊதிவிட்டுத்தான் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் அந்த மண் அப்படியே சிலிண்டருக்குள் விழும். பிளக் ஸ்பேனரை நேராக உள்ளே அழுத்தி, ஒரே சீராகத் திருப்புங்கள். கோணலாக இழுத்தால் வெள்ளைப் பீங்கான் விரிசல் விடும்.

வெளியே வந்த பிளக்கின் நுனியை வெளிச்சத்தில் பாருங்கள். வெளிர் பழுப்பாக இருந்தால் எஞ்சின் நன்றாக எரிக்கிறது. அடுப்புக் கரி போலக் காய்ந்த கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது, அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது, அல்லது சோக்கைப் பாதி இழுத்தபடி ஓட்டுகிறீர்கள். கறுப்பாக, பிசுபிசுப்பாக, எண்ணெய் ஈரத்தோடு இருந்தால் ஆயில் எரிகிறது என்று பொருள். பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கலாம், அது மெக்கானிக் வேலை. வெளுத்துச் சுண்ணாம்பு போல இருந்தால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறது. ஏர் ஃபில்டர், கார்புரேட்டர், ஆயில், கசிவு என்று பல காரணம் சொல்லும் இந்தச் சின்னப் பொருளை எல்லோரும் 'மாத்திப் போட்டா சரியாயிடும்' என்று தூக்கி எறிந்துவிடுகிறார்கள். பழையதை ஒரு டப்பாவில் போட்டு, மேலே கிலோமீட்டரை எழுதி வையுங்கள். நாலைந்து சேர்ந்தால் உங்கள் எஞ்சினின் கதை தெரியும்.

கரண்ட் வருகிறதா என்று பார்க்க, கழற்றிய பிளக்கைக் கேப்பில் மாட்டி, அதன் மரைப் பகுதி எஞ்சினின் உலோகத்தில் தொடும்படி வைத்து, சாவி போட்டு உதையுங்கள். பளிச்சென்ற நீலப் பொறி வரவேண்டும். பிளக் ஓட்டையிலிருந்து பெட்ரோல் ஆவி வெளியே அடிக்கும், அதன் நேர் எதிரில் பொறி வராதபடி தள்ளி வையுங்கள். பிளக்கைக் கையால் பிடித்துக்கொண்டு உதைக்கவும் வேண்டாம். ஒரு முறை ஷாக் வாங்கினால் மறக்காது.

திரும்ப மாட்டும்போது விரலால் முழுதும் உள்ளே போகட்டும். வாஷர் உட்கார்ந்தபின், புது பிளக் என்றால் மூன்றில் ஒரு பங்கிலிருந்து அரைச் சுற்று. பழைய பிளக்கின் வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருக்கும், அதற்கு ஒரு சின்ன அழுத்தமே போதும்.

ஆயில் மாற்றுவது

ஹீரோ புத்தகம் 6000 கிலோமீட்டர் என்கிறது, இடையில் 3000-ல் அளவு பார்த்து ஊற்றச் சொல்கிறது. மெக்கானிக்குகளைக் கேட்டால் 2500, 3000 என்பார்கள். நம்மூர் வெயிலிலும் டிராஃபிக்கிலும் நின்று நின்று போகிற வண்டி என்றால் நான் மெக்கானிக் பக்கம்தான்.

10டபிள்யூ30, ஜாசோ எம்ஏ முத்திரை உள்ள பைக் ஆயில் வாங்குங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் கார் ஆயிலை ஊற்றும் யோசனை வேண்டாம். பைக்கில் கிளட்ச்சும் அதே ஆயிலில்தான் முழுகியிருக்கிறது, வழுக்கலைக் கூட்டுவதற்காகக் கார் ஆயிலில் சேர்க்கும் மருந்தால் கிளட்ச் வழுக்கும்.

வண்டியை ஒரு தெரு சுற்றிவிட்டு வாருங்கள். ஆயில் இளஞ்சூடாக இருந்தால் அடியில் படிந்த அழுக்கோடு சேர்ந்து வடியும். மெயின் ஸ்டாண்ட் போட்டு, எஞ்சின் அடியில் அகலமான சட்டியை வையுங்கள். பழைய ஐந்து லிட்டர் ஆயில் கேனைப் படுக்கவைத்து, மேல்பக்கத்தை வெட்டினால் அதுவே நல்ல சட்டி.

ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட் எஞ்சினின் அடி வயிற்றில் இருக்கும், 17 ஸ்பேனர். இங்கேதான் புதியவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். போல்ட்டின் தலை தரையைப் பார்த்திருக்கிறது, நீங்களோ மேலிருந்து குனிந்து பார்க்கிறீர்கள். அதனால் 'இளக்கும் பக்கம்' என்று நினைத்துத் திருப்புவது உண்மையில் இறுக்கும் பக்கமாகிவிடும். நகரவில்லையே என்று காலை வைத்து மிதிக்கிறவர்களும் உண்டு. மரை போவது பெரும்பாலும் இப்படித்தான். ஸ்பேனரை வைப்பதற்குமுன் தலையைத் தரையோடு சாய்த்து, போல்ட்டை நேராக அடியிலிருந்து பாருங்கள். அங்கிருந்து பார்க்கும்போது கடிகார முள் போவதற்கு எதிர்த்திசைதான் இளகும் திசை.

இளகியபின் விரலால் உள்நோக்கி அழுத்திக்கொண்டே திருகுங்கள், கடைசியில் சட்டென்று இழுத்துவிடுங்கள். கையெல்லாம் ஆகும், பரவாயில்லை. பத்து நிமிடம் வடியட்டும். அதற்குள் போல்ட்டைத் துடைத்து வாஷரைப் பாருங்கள். நசுங்கிப் பள்ளம் விழுந்திருந்தால் மாற்றுங்கள், காசு அதிகம் ஆகாது. வடிந்த ஆயிலில் விரலை விட்டுத் தேய்த்துப் பாருங்கள். கறுப்பாக இருப்பது சகஜம். மினுமினுவென்று உலோகத் தூள் நிறைய வந்தாலோ, பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தாலோ விஷயம் வேறு. பின்னது தண்ணீர் கலந்ததற்கான அடையாளம்.

போல்ட்டை மாட்டிவிட்டு 800 மில்லி ஊற்றி, அளவு குச்சியைப் பாருங்கள். குச்சியைத் திருகாமல், சும்மா உள்ளே உட்காரவைத்து எடுக்க வேண்டும். இரண்டு கோடுகளுக்கு நடுவில் மேல்கோட்டுக்கு அருகில் இருக்கும்படி கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். இரண்டு மூன்று நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தி, ஆயில் கீழே இறங்க இன்னும் இரண்டு மூன்று நிமிடம் கொடுத்து, மறுபடி பாருங்கள். அதிகம் ஊற்றுவதும் கெடுதல்தான்.

பழைய ஆயிலைச் சாக்கடையிலோ தென்னை மரத்தடியிலோ ஊற்றாதீர்கள். கேனில் அடைத்து மெக்கானிக் கடையில் கொடுத்தால், அவர்களிடம் பழைய ஆயில் எடுக்க வருகிறவர்களோடு போய்விடும்.

செயின்: பொறுமை கேட்கும் வேலை

ஸ்பிளெண்டரின் செயின் முழுக் கவருக்குள் இருக்கிறது. அதனால் நீண்ட நாள் உழைக்கிறது, அதனாலேயே யாரும் கண்டுகொள்வதும் இல்லை. கவரில் ஒரு ரப்பர் மூடி இருக்கும். அதைப் பிடுங்கிவிட்டு உள்ளே விரலை விட்டு, செயினை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். மொத்த ஆட்டம் 20 முதல் 30 மில்லிமீட்டர் இருக்கலாம். பள்ளத்தில் இறங்கும்போது கவருக்குள் 'கடகட' என்று அடித்தால் அதற்கு மேல் போய்விட்டது.

அதற்குமுன் ஓர் எச்சரிக்கை. செயினில் எந்த வேலை செய்தாலும் எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கியரில் போட்டுச் சக்கரத்தைச் சுற்றவிட்டு, துணி பிடித்துச் செயினைத் துடைப்பதைச் சிலர் செய்வார்கள். துணியோடு விரலும் பல்சக்கரத்துக்குள் போய்விடும். இதில் விரலை இழந்தவர்கள் உண்டு. நியூட்ரலில், கையால் சுற்றித்தான் செய்ய வேண்டும்.

ஓர் இடத்தில் மட்டும் ஆட்டிப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி, பல இடங்களில் பாருங்கள். தேய்ந்த செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்வதில்லை. ஓர் இடத்தில் தளர்ந்திருக்கும், இன்னோர் இடத்தில் கெட்டியாக இருக்கும். கெட்டியான இடத்தை வைத்துத்தான் அளவு வைக்க வேண்டும். தளர்ந்த இடத்தை வைத்து இழுத்தால், கெட்டியான இடம் வரும் ஒவ்வொரு சுற்றிலும் கியர் பாக்ஸ் ஷாஃப்டின் பேரிங் இழுபடும். கெட்டிக்கும் தளர்ச்சிக்கும் வித்தியாசம் ரொம்ப அதிகம் என்றால் செயினையும் அது ஓடும் பல்சக்கரங்களான ஸ்பிராக்கெட்டையும் செட்டாகவே மாற்றும் நேரம் வந்துவிட்டது. செயினை மட்டும் மாற்றி ஸ்பிராக்கெட்டை விட்டுவைப்பது வீண் செலவு. பழைய பல் புதுச் செயினைச் சீக்கிரமே தின்றுவிடும்.

சரி, இழுக்கலாம். பின் பிரேக் ராடின் நட்டைக் கொஞ்சம் தளர்த்துங்கள். ஆக்சில், அதாவது பின் சக்கர அச்சின் நட்டில், அது கழலாமல் குத்திவைக்கும் ஸ்பிளிட் பின் இருந்தால் உருவிவிட்டு, நட்டை இளக்குங்கள். கழற்ற வேண்டாம், சக்கரம் நகரும் அளவுக்கு இளகினால் போதும். செயின் பக்கம் ஆக்சிலைச் சுற்றி இன்னொரு பெரிய நட்டு, ஸ்லீவ் நட்டு, இருக்கும். அதையும் இளக்க வேண்டும். இதை மறந்துவிட்டு, அட்ஜஸ்டரைத் திருகிக்கொண்டே 'நகர மாட்டேங்குதே' என்று தவிப்பவர்கள் உண்டு.

பின் அச்சின் இரண்டு பக்கமும் செயின் அட்ஜஸ்டர் இருக்கும். லாக் நட்டைத் தளர்த்தி, இடப்பக்கம் அரைச் சுற்று, வலப்பக்கம் அரைச் சுற்று என்று மாறி மாறித் திருப்புங்கள். இரு பக்கமும் கோடுகள் இருக்கின்றன, எந்தக் கோட்டில் நிற்கிறது என்று எண்ணிப் பார்த்து இரண்டையும் ஒரே கோட்டில் வையுங்கள். ஒரு பக்கம் ஏறி இறங்கினால் சக்கரம் கோணலாகும், வண்டி ஒரு பக்கமாக இழுக்கும், ஸ்பிராக்கெட் ஓரத்தில் தேயும்.

அளவு வந்ததும் முதலில் ஸ்லீவ் நட்டு, அப்புறம் ஆக்சில் நட்டு. இங்கே சின்ன ஸ்பேனரில் நாசூக்கு வேண்டாம், நீளமான ஸ்பேனரில் தோள் பலத்தோடு இறுக்க வேண்டிய இடம் இது. இறுக்கியபின் ஆட்டத்தை மறுபடி அளந்து பாருங்கள். இறுக்கும்போது செயின் இன்னும் கொஞ்சம் இழுபட்டிருக்கும். சந்தேகம் வந்தால் தளர்வுப் பக்கம் நில்லுங்கள். நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் செயின் மேலும் இறுகும்.

சக்கரம் பின்னால் நகர்ந்ததால் பின் பிரேக்கின் அளவு மாறியிருக்கும். அதைச் சரி செய்யாமல் தெருவில் இறங்காதீர்கள். பெடலில் 20 முதல் 30 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கும்படி ராடின் நட்டைத் திருப்புங்கள். அந்த நட்டில் ஒரு வளைந்த வெட்டு இருக்கும், அது பிரேக் ஆர்மில் உள்ள உருண்டை முளையின்மேல் சரியாக உட்கார வேண்டும். பிரேக் லைட் எரிகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

செயினுக்குச் சுத்தம் மண்ணெண்ணெய், உயவு 90 நம்பர் கியர் ஆயில். பெட்ரோலில் கழுவாதீர்கள், தீப்பிடிக்கும். ராத்திரி ஆயில் போட்டுவிட்டுத் தூங்கப் போனால், காலைக்குள் ரோலருக்கு உள்ளே இறங்கியிருக்கும். போட்டவுடன் ஓட்டினால் பேன்ட்டில்தான் இருக்கும்.

செயினைக் கழற்றி மாட்டினால், லாக் கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். பிளந்த பக்கம் முன்னால் இருந்தால் எங்காவது பட்டுக் கழன்றுவிடும்.

கிளட்ச் கேபிள், ஏர் ஃபில்டர்

கிளட்ச் லிவரின் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்க வேண்டும். ஆட்டமே இல்லாவிட்டால் கிளட்ச் எப்போதும் பாதி பிடித்தபடி இருக்கும், பிக்கப் போய்விடும். கேபிள் கனமாக இருந்தால் மேல்முனையைக் கழற்றி, ஒரு பாலிதீன் கவரின் மூலையைக் கத்தரித்துக் கேபிளைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு, அதில் மெல்லிய ஆயிலை ஊற்றித் தொங்கவிடுங்கள். ராத்திரிக்குள் மறுமுனையில் சொட்டும். நரம்பு ஒன்று அறுந்திருந்தாலும் ஆயில் போட்டுப் பயனில்லை, கேபிளை மாற்றுங்கள்.

ஏர் ஃபில்டரில் ஒன்றே ஒன்று: ஸ்பாஞ்ச் மாதிரி இருந்தால் மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைத்து, ஆயில் தடவிப் பிழிந்து போடலாம். எண்ணெய் ஊறிய காகித ஃபில்டர் என்றால் ஊதவும் கூடாது, கழுவவும் கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

ஸ்டார்ட் ஆகவில்லை என்றால்

எடுத்தவுடன் கார்புரேட்டரைப் பிரிக்காதீர்கள். பெட்ரோல், கரண்ட், காற்று என்று வரிசையாகப் போங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றி வண்டி கிளம்பிவிட்டால், எதனால் கிளம்பியது என்று உங்களுக்குத் தெரியாமலே போகும்.

டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா, டேப் திறந்திருக்கிறதா, ரிசர்வில் வருகிறதா என்று பாருங்கள். கார்புரேட்டரின் அடியில் ஒரு டிரெயின் ஸ்க்ரூ இருக்கும். அதன் குழாயை ஒரு கண்ணாடி பாட்டிலில் விட்டு ஸ்க்ரூவைத் திறங்கள். பெட்ரோல் வரவில்லை என்றால் அடைப்பு மேலே இருக்கிறது. வந்தால் பாட்டிலை வெயிலில் தூக்கிப் பாருங்கள். மழைக்காலத்தில் பாட்டிலின் அடியில் முத்து முத்தாக உருண்டு நிற்பது தண்ணீர். அது போகும்வரை வடித்துவிட்டாலே பாதி வண்டிகள் கிளம்பிவிடும். இந்த வேலையின்போது பக்கத்தில் பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் கூடாது.

பெட்ரோல் சரி என்றால் பிளக்கில் பொறி. செல்ஃப் எடுக்காமல் கிக்கரில் கிளம்பினால் சந்தேகம் பேட்டரிமேல். மல்டிமீட்டரில் நிறைந்த பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். வண்டி ஓடும்போது கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் 13.5-க்கும் 14.5-க்கும் இடையே ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் புது பேட்டரி போட்டும் பயனில்லை, சார்ஜ் ஆகவில்லை. பேட்டரியைக் கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது பிளஸ் முதலில். மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிட்டுச் சோதிக்காதீர்கள், புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

பிரேக் கடைசியில், மெக்கானிக்கோடு

பிரேக் ஷூ மாற்றுவது கடினமான வேலை இல்லை. ஆனாலும் அதை இந்த வரிசையில் கடைசியில் வைக்கிறேன். மற்ற வேலையில் தவறினால் வண்டி நிற்கும், இதில் தவறினால் நிற்காது. பிரேக் பிளேட்டில் ஒரு அம்புக்குறி இருக்கும். பெடலை முழுதும் அழுத்தும்போது அது எல்லைக் குறியைத் தொட்டால் ஷூ முடிந்துவிட்டது. முதல் முறை மாற்றும்போது தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். டிரம்மில் இருக்கும் தூளை வாயால் ஊதாதீர்கள், ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். கிரீஸ், ஷூவை விரிக்கும் கேமில் மட்டும் துளி, ஷூவில் பட்டால் அந்த ஷூ வீண். மாட்டியதும் எஞ்சின் போடாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டே போய்ப் பிடித்துப் பாருங்கள். புது வண்டிகளில் பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் அமைப்பு இருக்கிறது. அந்த இணைப்பின் அளவைப் புத்தகம் பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

கார்புரேட்டர் பழக ஆசை இருந்தால் உங்கள் வண்டியில் இருப்பதில் கைவைக்காதீர்கள். சென்னைக்காரர்கள் பழைய வண்டி பார்ட்ஸ் விற்கும் புதுப்பேட்டைக்குப் போய் ஒரு செத்த கார்புரேட்டரை எடைக்குக் கேட்டு வாங்குங்கள். மற்ற ஊர்க்காரர்களுக்குப் பழைய இரும்புக் கடை. வீட்டில் செய்தித்தாள் விரித்துப் பிரித்து, ஜெட், மிதவை, ஊசி எல்லாவற்றையும் கழற்றிய வரிசையிலேயே ஓர் அட்டையில் குத்தி வையுங்கள். பழகப் பழைய பார்ட் போதும். ஓட்டுகிற வண்டிக்கு பிரேக் ஷூ, கேபிள், பேரிங், செயின் இவற்றை மட்டும் பழையதில் வாங்காதீர்கள்.

கிளட்ச் பிளேட், டைமிங் செயின், பிஸ்டன் ரிங் எல்லாம் மெக்கானிக்கிடம் போகட்டும். போகும்போது கூடவே நில்லுங்கள். கூட்டமான நேரத்தில் போய்க் கேள்வி கேட்டால் எந்த மெக்கானிக்குக்கும் எரிச்சல் வரும். மத்தியானம் கூட்டம் குறைந்தபின் போய், "அண்ணே, பிரிக்கும்போது நானும் பாக்கலாமா? பழைய பார்ட்டை எனக்கே குடுத்துடுங்க" என்று கேளுங்கள். பெரும்பாலானவர்கள் மறுக்க மாட்டார்கள். பழைய பார்ட்டைப் புதியதோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தேய்மானம் எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பிடிபடும். டேப்பட் வைக்கும்போது, அதாவது வால்வின் இடைவெளியைச் சரிசெய்யும்போது, அவர் ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டைச் சந்துக்குள் நுழைத்து இழுப்பார். எஞ்சின் ஆறியிருக்கும்போதுதான் அதைச் செய்வார், கவனியுங்கள். அந்தத் தகட்டை உங்கள் கையில் ஒரு முறை கொடுக்கச் சொல்லி, லேசான பிடிப்போடு வழுக்கி வருவதை இழுத்துப் பாருங்கள். அடுத்த சர்வீஸுக்கு ஒரு ஃபீலர் கேஜ் நீங்களே வாங்கிக்கொள்ளலாம்.